மூடி இல்லாத டேங்க்

"அன்புள்ள மகனுக்கு" என்றுதான் தொடங்கினேன். பிறகு "அன்புள்ள" என்பதை மட்டும் அழித்துவிட்டேன். நான் நலம். உன் நலத்தை அறிய எனக்கு இப்போதைக்கு ஆவல் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. எடுக்காதவனுக்கு எத்தனை தடவைதான் அடிப்பது? அதனால் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற நம் குடும்ப குரூப்பிலேயே இதைப் போடுகிறேன். தினமும் பூப்படமும் காலை வணக்கமும் பார்த்துச் சலித்தவர்களுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும். இவ்வளவு நீளமா என்று நினைக்கிறவர்கள் தாண்டிப் போகலாம். நீ தாண்டக் கூடாது.

கோட்டையூர் ஹோட்டல்காரர்கள் நம் லாரியைத் தூக்கிப்போக அனுப்பிய கிரேன் வெறுங்கையோடு திரும்பிவிட்டது. அவர்களுடைய சூப்பர்வைசர் உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது. "உங்க அம்மா தகராறு பண்ணிட்டாங்க" என்று சொல்லியிருப்பார். தகராறு பண்ணினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் இருக்கும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நல்ல வார்த்தை என்னிடம் இப்போது கைவசம் இல்லை. இருப்பதை வாங்கிக்கொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த லாரி மேல் எனக்கு ஒரு நாளும் பிரியம் இருந்தது கிடையாது. புருஷன் ஞாபகமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறேன் என்று நீ உன் வருங்கால மாமனாரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அழுகிற ஆள் நான் இல்லை, அதைக் கட்டிப்பிடிக்கவும் முடியாது, மேலெல்லாம் கிரீஸ். உன் அப்பாவிடம் நான் கேட்டது தகரம். நார்க் கொட்டகைக்குக் கூரை போட, மழையில் நார் நனையாமல் இருக்க, தகரம் வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். மனுஷன் போன இடத்தில் ராணுவம் போதும் என்று கழித்துப் போட்ட லாரிகளை ஏலம் விட்டிருக்கிறார்கள். தகரம் வாங்கப் போனவர் லாரியில் ஏறி வந்தார். பச்சை நிறத்தில், வீட்டு வாசலை விட உயரமாக, சிங்கம்புணரி சந்தைக்குப் போகிற ஜனம் எல்லாம் நின்று பார்க்கிற மாதிரி வந்து நின்றது. மறுநாள் காலையில் அதை ஸ்டார்ட் செய்தார். கொடியில் காய்ந்த வேட்டி, பாவாடை, உன் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் கரி. "எதுக்கு இதை வாங்கினீக?" என்று கேட்டேன். "கண்மாய்க்கு அங்குட்டு இருக்கிற தோப்புகள்ல தேங்கா மட்டை மலையா கிடக்கு. சேத்துக்குப் பயந்து ஒரு வண்டிக்காரனும் போக மாட்டேங்கிறான். இதுக்கு எல்லாச் சக்கரமும் இழுக்கும். இது போகும்" என்றார். "சண்டைக்குப் போற வண்டி மட்டைக்குப் போகுமா?" என்றேன். "சண்டைதான் நம்ம வீட்டுலயே நடக்குதே, அதுக்கு ஒண்ணும் புதுசா இருக்காது" என்றார். அவருக்கு வாய்க்குக் குறைச்சல் இல்லை.

போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நான் வெறுத்தாலும் அது போயிற்று. மற்றவர்கள் கொட்டகையில் மழைக்காலத்தில் தேங்காய் மட்டை இல்லாமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தபோது நம் கொட்டகையில் மட்டை அடுக்க இடம் இருக்காது. நீ சாப்பிட்ட சோறு, ஹாஸ்டல், காலேஜ், காலேஜ் முடித்ததும் உனக்கு வந்த பெரிய பேச்சு எல்லாம் அந்தச் சேற்றில் இருந்து வந்தவைதான். ஒரு மழைக்காலம் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கு ஓடிவிட்டான். உன் அப்பாவுக்கு அப்போது தோள்பட்டை இறங்கிக் கட்டுப் போட்டிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்த, நான் ஓட்டினேன். தோப்புக்கும் கொட்டகைக்கும் நடுவில், வண்டிப்பாதையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. அந்த கிளட்சை மிதிக்க ஒரு காலுக்கு இரண்டு காலாக வேண்டும். அவர் கத்திய கத்தலில் கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. "கியர் போடும்போது சத்தம் கேளு, சத்தம் கேளு" என்பார். "நீங்க வாயை மூடினாத்தானே கேக்கும்" என்பேன். எங்கள் குடும்பம் நடந்த அழகு அது. அதிலும் ஒரு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

நீ அப்போது காரைக்குடி ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு நாள் அந்தப் பக்கம் லோடு இறக்கிவிட்டு உன் அப்பா லாரியோடு உன்னைப் பார்க்க வந்தார். நீ மாடியில் இருந்து பார்த்துவிட்டு, காய்ச்சல், படுத்திருக்கிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினாய். அவர் கொண்டுவந்த முறுக்கையும் அதிரசத்தையும் வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டு வந்து, "பயலுக்குக் காய்ச்சலாம், நாளைக்கு ஒரு எட்டு பஸ்ஸுல போயி பார்த்துட்டு வா" என்று என்னிடம் சொன்னார். நான் வந்தேன். நீ வாலிபால் ஆடிக்கொண்டிருந்தாய். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க பஸ்ஸில்தான் வந்தார், கவனித்திருக்கிறாயா? கவனித்திருக்க மாட்டாய். நான் உன்னை வளர்த்ததில் எங்கே தப்பு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். உன் சட்டையில் ஒரு நார் ஒட்டாமல் தட்டித் தட்டி அனுப்பினேன். அதனால் நார் என்றாலே அழுக்கு என்று நினைத்து வளர்ந்துவிட்டாய்.

அவர் தவறிப்போன பிறகு ஒரு வருஷம் நீ கொட்டகையைப் பார்த்துக்கொண்டாய். பார்த்துக்கொண்டாய் என்றால் நிஜமாகவே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாய். லாரியைப் புளியமரத்தடியில் நிறுத்தினாய். மட்டைத்தூள் மூட்டைகளுக்கு இடம் இல்லை என்று லாரியின் பின்தொட்டி நிறைய, கேபின் நிறைய அடுக்கினாய். நார் எடுத்த பிறகு மிஞ்சும் அந்தத் தூள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கொட்டகையில் கூட்டுகிறவளுக்குக் கூடத் தெரியும். "தம்பி, அது ஈரத்தை இழுத்து வச்சுக்கிரும், தகரம் போயிரும்" என்று சொன்னேன். "மிலிட்டரி தகரம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தாய். அப்புறம் சென்னையில் வேலை கிடைத்துப் போனாய். மூட்டைகள் அப்படியே இருந்தன. மழைக்கு மழை குடித்தன. மட்டை கொண்டுவர நான் வாடகை டிராக்டர்காரர்களைக் கெஞ்ச ஆரம்பித்தேன். மழை வந்தால் அவர்கள் வர மாட்டார்கள். மழைக்காலத்தில் என் ஆட்கள் கை கட்டி உட்கார, நான் அந்தப் புளியமரத்தடியைப் பார்த்து வயிறெரிய, இப்படியே ஓடிற்று.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆவணியில் பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்கள். நான் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வைத்த தட்டோடு அடுப்படியில் இருந்து வருகிறேன். உன் மாமனார் ஜன்னல் வழியே பார்த்து, "அது என்ன மாப்பிள்ளை, பெரிய வண்டியா கிடக்கு?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார், பாவம். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அதை எடுத்துருவோம் மாமா. கோட்டையூர்ல ஹோட்டல்காரங்க கேக்குறாங்க. கல்யாணம் முடிஞ்சா அம்மாவும் சென்னைக்கு வந்துருவாங்க. கொட்டகையையும் யாருக்காவது குடுத்துருவோம்." லாரி, அம்மா, கொட்டகை. ஒரே மூச்சில் மூன்றையும் காலி செய்தாய். நான் கையில் தட்டோடு நிற்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்கள் முன்னால் சண்டை வேண்டாம் என்று பணியாரத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. தீர வேண்டும் என்று எனக்கு அவசரமும் இல்லை.

அந்த ஹோட்டல் படத்தையும் நீதான் அனுப்பினாய். பெரிய வீட்டை ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். வாசலில் நம் லாரியை நிறுத்தி, இஞ்சினை எடுத்துப் போட்டுவிட்டு, பளபளவென்று பச்சை அடித்து, தொட்டியில் மேஜை போட்டு, வெள்ளைக்காரர்களுக்குப் பணியாரம் பரிமாறுவார்களாம். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்மா" என்று கீழே எழுதியிருந்தாய். நான் உடனே போன் செய்தேன். அப்போதெல்லாம் நீ போன் எடுப்பாய். "எடுக்கக் கூடாது" என்றேன். "அது ஓடாத வண்டிம்மா. ஓடுற வண்டியா இருந்தா நான் ஏன் குடுக்கப் போறேன்? வீணா ஏன் மல்லுக்கு நிக்கிறீக?" என்றாய். "ஓடினா?" என்றேன். சிரித்தாய். "கிரேன் வர்றதுக்குள்ள ஓட வச்சிருங்க. ஓடினா லாரியும் உங்களுக்கு, கொட்டகையும் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். ஓடலைன்னா பேசாம என்கூடக் கிளம்பி வந்துரணும்." இது நீ சொன்ன வார்த்தை. நான் சரி என்றேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இப்போது சொல்லாதே. நான் விளையாடவில்லை.

காரைக்குடியில் இருந்து சேகர் என்று ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். போர்வெல் லாரிகள் பார்க்கிறவர். தன்னை விட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பு. வந்ததும் லாரியைச் சுற்றி நடந்து, டயரை ஒரு உதை உதைத்து, "வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையாக்கா?" என்று கேட்டார். "இருக்கான். சென்னையில. இதை விக்கிறதுக்கு" என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டார். மூட்டைகளை இறக்கினோம். கேபின் தரை மூட்டையோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. மிலிட்டரி தகரம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. காற்று இழுக்கிற குழாய் முழுக்க நாரை இழுத்து வந்து கூடு கட்டியிருந்தது. இஞ்சினைச் சுற்றப் பார்த்தால் அசையவில்லை. "இது இஞ்சின் இல்லக்கா, அம்மிக்கல்லு" என்றார் சேகர். பிறகு டீசல் பீச்சுகிற நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். "பொறுமையா இருங்க, ஊறணும்" என்று எனக்குப் பாடம் வேறு. ஊறவைப்பதைப் பற்றி எனக்கா? மட்டை ஊறினால்தான் நார் கொடுக்கும், அதை ஊறவைத்தே என் தலை நரைத்தது. ஊறியது. ஒரு நாள் முன்பக்கம் கம்பி போட்டு நாலு பேர் தொங்கினோம். கிரீச் என்று ஒரு சத்தம். கொஞ்சம் அசைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த லாரியால் எனக்குச் சந்தோஷம் வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, அதுவும் உன் மேல் இருந்த கோபத்தால் வந்த சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது, இறக்கிச் சரி செய்தார். பிரேக் எல்லாம் இறுகிப்போயிருந்தது, சக்கரத்துக்குச் சக்கரம் பிரித்தார். டீசல் பம்ப் மதுரைக்குப் போய் வந்தது. பழைய டயர்கள் மாட்டினோம், பேட்டரி புதுசு. கேபின் தரைக்கு இரும்புத் தகடு அடித்தோம். முதலில் டேங்கை நம்பாமல், ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரே கட்டித் தொங்கவிட்டு, அதில் இருந்து குழாய் கொடுத்தார். செல்ஃபை அடித்தார். இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. அதே சத்தம். அதே புகை. கொடியில் காய்ந்த துணி எல்லாம் அதே கரி. கொட்டகைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து பார்த்தார்கள். நான் இருமிக்கொண்டே நின்றேன். உன் அப்பாவை அன்றைக்கு ஒரு நிமிஷம் மன்னித்தேன். தகரத்துக்காக இன்னும் மன்னிக்கவில்லை.

கேனை எடுத்துவிட்டு டேங்கில் இணைத்தார். அங்கேதான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும், நாம் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில் மூச்சுத் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகவே சரியாகி மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று ஏர் எடுத்தார். பில்டரை மாற்றினார். டேங்கில் இருந்த துருவையும் தண்ணீரையும் அடியில் திறந்துவிட்டு டீசல் ஊற்றி அலசினார். நிற்பது நிற்கவில்லை. சட்டியில் இருந்தும் அகப்பையில் வரவில்லை. கிரேன் வெள்ளிக்கிழமை வருகிறது என்று நீ செய்தி அனுப்பிவிட்டாய். வியாழக்கிழமை மத்தியானம் சேகர் கையைத் துடைத்துவிட்டார்.

"பம்ப்பு போச்சுக்கா."

"போன வாரந்தானே மதுரையில சரி பண்ணிட்டு வந்தீக?"

"அது மதுரைக்காரன் பண்ணின வேலை. எனக்கென்ன தெரியும்?"

"அப்ப கேன்ல ஊத்தினப்ப மட்டும் அதே பம்ப்பு எப்படி ஓடுச்சு?"

"அக்கா, நான் இருவது வருஷமா வண்டி பாக்குறேன். உங்க ராசி அப்படி. பேசாம ஹோட்டலுக்குக் குடுத்துருங்க. அங்குட்டுப் போனா நாலு பேரு நின்னு போட்டோ எடுப்பாக. இங்குட்டுக் கிடந்தா எலிதான் வரும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் லாரிப் படியில் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு உன் சென்னை வீடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஏழாவது மாடி, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நான். சாயங்காலம் ஆனால் கீழே இறங்கி மற்ற கிழவிகளோடு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றிப் பேச வேண்டும். பயமாக இருந்தது. எனக்குச் சாகப் பயம் இல்லை, அந்த நாற்காலிக்குப் பயந்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் மட்டை ஊறுகிற குழியில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் சத்தம் மாறி, தண்ணீர் நின்றது. என் ஆள் ஒருத்தி வழக்கம் போல அதை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போட்டாள். மறுபடி தண்ணீர் கொட்டியது. தினமும் நடப்பதுதான். குழியில் மிதக்கிற நார் இழுப்புக்கு வந்து குழாய் வாயில் அடைத்துக்கொள்ளும். இழுப்பை நிறுத்தினால் விலகிக்கொள்ளும். போய்ப் பார்த்தால் குழாய் வாய் சுத்தமாக இருக்கும். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்.

பைக்கை உதைக்கப் போன சேகரைக் கூப்பிட்டேன். "தம்பி, டேங்க் மூடி எங்க?"

"மூடி ஏதுக்கா? நான் வந்தப்பவே இல்ல. வாயில நாரைத்தான் பந்தாச் சுருட்டி அடைச்சு வச்சிருந்தீக. நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"உள்ள இழுக்கிற குழாயைக் கழட்டுங்க."

"டேங்கை ரெண்டு தடவை அலசியாச்சுக்கா."

"நாரு அலசினாப் போகாது. அலசினா இன்னும் நீளும். கழட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். டேங்குக்குள் இறங்குகிற அந்தக் குழாயின் நுனியில், எருமை வாலைப் போலக் கருப்பாக, டீசலில் ஊறிய நார் சுற்றிக்கொண்டு வந்தது. நான் வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவி இன்னும் இரண்டு பிடி எடுத்தேன். வருஷக் கணக்காக வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து அந்த நார்ப் பந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உதிர்ந்திருக்கிறது. சேகர் தலையில் கை வைத்து, "எந்தப் புண்ணியவான் டீசல் டேங்குக்கு நாரை மூடியாப் போட்டான்?" என்று கேட்டார். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரித்தார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை, உனக்கு விளங்கும். நம் இடத்தில் ஓட்டை என்று ஒன்று இருந்தால் நார்தான். ஒழுகுகிற குழாய்க்கு நார், ஜன்னல் இடுக்குக்கு நார், மண்ணெண்ணெய் கேனுக்கு நார், மோர்ச் செம்புக்கும் நார். டேங்க் மூடியைத் தொலைத்தது யார் என்று தெரியவில்லை. அடைத்தது உன் அப்பாவா, நானா, நீயா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நாம் மூன்று பேரில் யார் செய்திருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. மற்ற எதிலும் ஒத்துப்போகாத நாம் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மாதிரி செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு ராத்திரியே குழாயைத் திருப்பி மாட்டி ஓடவிட்டோம், நடுவில் நிற்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கிரேன் வந்தது. சூப்பர்வைசர் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அட்டையுமாக இறங்கி, "மேடம், சார் சொல்லியிருப்பாங்க" என்றார். "சார் நிறையச் சொல்லுவான். வண்டி ஓடுது, குடுக்கிறதா இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. கிரேன்காரரைப் பார்த்து உள்ளே விடச் சொன்னார். "அங்குட்டுப் போகாதீக, அமுங்கும்" என்றேன். "பத்து டன் கிரேன் மேடம்" என்றார். "அதனாலதான் சொல்றேன்" என்றேன். நம் வாசல் உனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் மட்டைத்தூள் கொட்டிக் கொட்டி உயர்ந்த இடம். மழை பெய்தால் மெத்தை. கிரேன் பாதி வாசலில் நின்றது. அப்புறம் மெதுவாக, மரியாதையாக, அச்சு வரைக்கும் இறங்கியது. முன்னும் பின்னும் உறுமிப் பார்த்தார்கள். இன்னும் இறங்கியது.

அப்போதுதான் அவர் உனக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். "சார், உங்க அம்மா வண்டி ஓடுதுன்னு சொல்றாங்க." நீ சொன்னதை நானும் என் ஆட்களும் கேட்டோம். "அது ஓடாது சார். அவங்களுக்கு வயசாயிருச்சு, ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பாங்க. நீங்க தூக்குங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினேன். முன்பு மாதிரி ஏறக் கால் வரவில்லை, சேகர் கை கொடுத்தார். செல்ஃபை அடித்தேன். ஒரே அடியில் பிடித்தது. நீ இன்னும் லைனில் இருந்தாய். அந்தச் சத்தம் உனக்கு அடையாளம் தெரியாமல் இருக்காது. ஹாஸ்டல் மாடியில் இருந்து கேட்ட சத்தம்தான். சூப்பர்வைசர் "சார்? சார்?" என்றார். நீ போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு வைத்தவன் இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை.

நீ கேட்காமல் விட்டது இது. நம் கொட்டகையில் திரித்த வடம், கை மொத்தத்துக்கு ஒன்று, கிரேனுக்கும் லாரிக்கும் நடுவில் கட்டினோம். கிளட்சை மிதித்தேன். முழங்கால் வலித்தது. கியர் போடும்போது சத்தம் கேட்டேன், பக்கத்தில் கத்த ஆள் இல்லாததால் நன்றாகக் கேட்டது. எல்லாச் சக்கரமும் இழுத்தது. வடம் முறுக்கேறி, தண்ணீரைச் சிந்திக்கொண்டு நின்றது, அறுபடவில்லை. உன் கிரேன் சேற்றில் இருந்து வந்தது. ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கிரேன்காரர் இறங்கி வந்து கும்பிட்டார். சூப்பர்வைசர் சட்டையெல்லாம் கரி.

ஆகவே உன் வார்த்தைப்படி லாரி எனக்கு, கொட்டகை எனக்கு. ஹோட்டல்காரர்களிடம் நீயே பேசி முடித்துக்கொள். ரோட்டில் ஓட்டுவதற்கு லைசென்ஸ் உள்ள ஒரு டிரைவரைப் பேசியிருக்கிறேன், எஃப்.சி. வேலையும் நடக்கிறது. அடுத்த வாரம் முதல் கண்மாய்க்கு அங்குட்டு மட்டை எடுக்கப் போகிறோம். நீ வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னாய். அதற்காகப் போனையும் எடுக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு ஒரே ஒரு புத்தி. நாளைக்கு அந்தப் பெண் தட்டோடு வந்து நிற்கும்போது, அவளைக் கேட்காமல் அவளுடைய எதையும் யாரிடமும் எடுத்துக் கொடுக்காதே. அவளும் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் மனசுக்குள் சொன்னது உனக்குக் கேட்காது. பிறகு ஒரு நாள் நீ வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கும். அன்றைக்கு நீ போனை வைத்துத் தப்பிக்க முடியாது, ஒரே வீட்டில் இருப்பாய்.

கல்யாணத்துக்கு நான் வருவேன். சீர்த் தட்டுகளை எல்லாம் அந்த லாரித் தொட்டியில்தான் வைத்துக் கொண்டுவருவேன். மண்டப வாசலில் இடம் விடச் சொல், உன் மாமனார் இன்னொரு தடவை "அது என்ன வண்டி" என்று கேட்டால் இந்த முறை நான் பதில் சொல்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள். எனக்கும் இருக்கிறது, போதுமான அளவு.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த லாரிக்கு டேங்க் மூடி காரைக்குடியில் கிடைக்கவில்லை, மதுரையிலும் சேகர் தேடிவிட்டார். பழைய மிலிட்டரி சாமான்கள் சென்னையில் கிடைக்கும் என்கிறார்கள். வாய் அகலத்தை அளந்து, ஒரு நூலில் முடிச்சுப் போட்டு, உன் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி நீயே கொண்டு வா. மூடி இல்லாமல் இந்த வீட்டு வாசலில் கால் வைக்காதே.

அதுவரைக்கும் நாரைத்தான் அடைத்து வைத்திருக்கிறேன். அது எத்தனை நாள் தாங்கும் என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
சென்னைக்கு வராத உன் அம்மா